உலகில் மூன்றில் ஒருவருக்கு இரத்தக் கொதிப்பாமே, நம்பலாமா?

தாமிரபரணிக்காரன் | பதிவு 1 | ஞாயிறு, காலை 7.12

போன வாரம் எங்கள் தெரு முனைக் கல்யாண மண்டபத்தில் இலவசக் கண் பரிசோதனை முகாம் நடந்தது. அப்பாவுக்கு 67 வயது. கண்ணாடி மாற்றத்தான் போனார். வரிசையில் உட்கார்ந்திருந்தபோது பிரஷரும் பார்த்திருக்கிறார்கள். 178/104. பார்த்த பெண் மறுபடியும் பட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஐயா, உங்களுக்குத் தலை சுற்றவில்லையா?" என்று கேட்டாராம். "காலையில்தான் இரண்டு குடம் தண்ணீர் தூக்கிவிட்டு வருகிறேன், எனக்கு என்ன?" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடிக்கான சீட்டை மட்டும் பத்திரமாக வாங்கி வந்துவிட்டார். பிரஷர் எழுதிய சீட்டு சட்டைப் பையில் கசங்கிக் கிடந்தது. துவைக்கப் போடும்போது அம்மாதான் பார்த்தார்.

எங்கள் வீட்டில் கொதிக்கிற ஆள் அம்மா. அவருக்கு எப்போது பார்த்தாலும் 120-ஐ ஒட்டித்தான் இருக்கும். அப்பாவுக்குக் கோபம் என்றால் என்னவென்றே தெரியாது. அவருக்குப் போய்க் கொதிப்பா?

இரண்டு நாளாகத் தேடிப் படித்ததில், உலகத்தில் 30 வயதைத் தாண்டியவர்களில் மூன்றில் ஒருவருக்கு இது இருக்கிறது என்று போட்டிருக்கிறார்கள். மூன்றில் ஒருவருக்கு இருப்பதை நோய் என்று எப்படிச் சொல்வது? முடி நரைப்பதுபோல வயதானால் வருவதுதானே இது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நாட்டுச்சுவடி | பதிவு 2 | ஞாயிறு, காலை 8.40

நல்ல கேள்வி. என் தாத்தா காலத்தில் டாக்டர்களே சொன்ன கணக்கு இது: வயதோடு நூறைக் கூட்டிக்கொள், மேல் எண் அதற்குள் இருந்தால் கவலை இல்லை. உங்கள் அப்பாவுக்கு 167 வரை போகலாம். பிறகு 160/95 என்று கோடு போட்டார்கள். பிறகு 140/90. 2017-இல் அமெரிக்க இதய அமைப்புகள் அதையும் இறக்கி 130/80 ஆக்கின. அந்நாட்டுப் பெரியவர்களில் 32 சதவீதம் பேர் நோயாளிகள் என்று இருந்த கணக்கு அதனால் 46 சதவீதம் ஆனது. யாருடைய இரத்தக் குழாயும் அன்றைக்கு மாறிவிடவில்லை. கோடுதான் நகர்ந்தது.

கோட்டைக் கையில் வைத்திருப்பவன் எத்தனை பேரை வேண்டுமானாலும் நோயாளி ஆக்கலாம். மாத்திரை விற்கிறவன் மனசு வைத்தால் மூன்றில் ஒருவர் என்ன, மூன்றில் மூன்று பேரும் நோயாளிதான்.

கணக்குப்பிள்ளை | பதிவு 3 | ஞாயிறு, காலை 10.05

நாட்டுச்சுவடி சொன்ன அமெரிக்கக் கதை உண்மை. ஆனால் உலகக் கணக்கு அந்த 130-ஐ வைத்துப் போட்டதல்ல. பழைய 140/90 கோட்டுக்கு மேலே இருப்பவர்கள், மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஆகிய இரு தரப்பையும் சேர்த்துப் போட்டது. 130-க்குப் போட்டிருந்தால் எண் இன்னும் எங்கேயோ போயிருக்கும்.

2021-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வைப் பார்க்கலாம். 184 நாடுகளில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களிடம் எடுத்த அளவீடுகளை ஒன்றுசேர்த்து, 1990-லிருந்து 2019 வரை என்ன நடந்தது என்று கணித்தார்கள். 30 முதல் 79 வயது வரை உள்ளவர்களில் 2019-இல் உயர் இரத்த அழுத்தம் இருந்தவர்கள் சுமார் 128 கோடி. 1990-இல் 65 கோடி. இரண்டு மடங்கு.

அடுத்து வருவதைப் பெரும்பாலான செய்திகள் விட்டுவிடுகின்றன. வயது வித்தியாசத்தைச் சரிசெய்து பார்த்தால் விகிதம் மாறவே இல்லை. அன்றைக்கும் ஏறக்குறைய மூன்றில் ஒருவர், இன்றைக்கும் அப்படித்தான். மக்கள்தொகை பெருகியது, நீண்ட நாள் வாழ்கிறோம், அதனால் தலைகள் கூடின.

"அப்படியென்றால் ஒன்றும் நடக்கவில்லையே" என்று மூடிவைத்துவிடவும் கூடாது. ஒரு மடையில் தண்ணீர் வெளியேறிக்கொண்டும் இன்னொரு வாய்க்காலில் அதே அளவு வந்துகொண்டும் இருந்தால் குளத்தின் மட்டம் அசையாது. இங்கே நடந்தது அதுதான். பணக்கார நாடுகள் பலவற்றில் விகிதம் நன்றாக இறங்கியது. வருமானம் குறைந்த, நடுத்தர நாடுகள் பலவற்றில் ஏறியது, அல்லது இருந்த இடத்திலேயே நின்றது. கூட்டிப் பார்த்தால் பூஜ்யம். இன்றைக்கு இந்த நோய் இருப்பவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் ஏழை நாடுகளிலும் நடுத்தர நாடுகளிலும்தான் இருக்கிறார்கள். "பணக்கார வியாதி" என்று நம் ஊரில் ஒரு பேச்சு உண்டல்லவா, அது காலாவதியாகிப் பல காலம் ஆகிறது.

நரைமுடிக் கேள்விக்குப் பிறகு வருகிறேன். அதற்கு ஒரு நல்ல பதில் அமேசான் காட்டில் இருக்கிறது.

வெள்ளைத்தொப்பி | பதிவு 4 | ஞாயிறு, மாலை 4.30

தம்பி தாமிரபரணி, 31 வருடம் அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். முதலில் அந்தக் "கொதிப்பு" என்ற பெயரைத் தூக்கி எறியுங்கள். அந்த ஒரு சொல் கெடுத்த குடும்பங்கள் எனக்குத் தெரியும். கோபப்படுகிறவனுக்குத்தான் வரும், வந்தால் தலை சுற்றும், முகம் சிவக்கும் என்று எல்லோரும் காத்திருக்கிறார்கள். இரத்தம் எங்கேயும் கொதிப்பதில்லை. குழாய்க்குள் தண்ணீர் அழுத்தமாக ஓடுகிறது, அவ்வளவுதான். குழாய்க்கு வலிக்காது. பல வருடம் கழித்து மூளையில் வெடிக்கும், அல்லது சிறுநீரகம் வடிகட்டுவதை நிறுத்தும். அப்போதுதான் எங்களிடம் தூக்கிக்கொண்டு வருவார்கள். "நேற்றுவரை நன்றாக இருந்தாரே சிஸ்டர்" என்ற வாக்கியத்தை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று எண்ணி வைக்கவில்லை.

ஆனால் முகாமில் ஒரே நாளில் பார்த்த எண்ணை வைத்து முடிவு கட்டவும் வேண்டாம். கல்யாண மண்டபத்தில் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று நான் சொல்கிறேன், சரியா என்று அப்பாவிடம் கேளுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி. உட்கார்ந்ததும் பட்டையைச் சுற்றியிருப்பார்கள். கை தொங்கியிருக்கும் அல்லது மடியில் இருந்திருக்கும். காற்றடிக்கும்போதே "பெயர் என்ன, வயது என்ன" என்று கேட்டிருப்பார்கள், இவரும் பதில் சொல்லியிருப்பார். இவை ஒவ்வொன்றும் எண்ணைக் கூட்டும்.

சரியான முறை இது: அரை மணி நேரத்துக்கு முன்பிருந்து காபி, பீடி, சிகரெட் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு வரவேண்டும். முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பதிய, கால்மேல் கால் போடாமல் ஐந்து நிமிடம் சும்மா உட்காரவேண்டும். கை மேஜைமேல் நெஞ்சு உயரத்தில் இருக்கவேண்டும். சட்டைக்கு மேல் பட்டையைச் சுற்றக்கூடாது. பருத்த கைக்குச் சின்னப் பட்டையைச் சுற்றினால் இல்லாத பிரஷர் வரும். பேச்சு கூடாது. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை. இப்படிக் காலையும் மாலையும் ஏழு நாள் எழுதி, முதல் நாளை விட்டுவிட்டு மற்றதற்குச் சராசரி எடுங்கள். வீட்டில் எடுக்கும்போது கோடு 140/90 அல்ல, 135/85. மேல்கைக்குச் சுற்றுகிற கருவி வாங்குங்கள். மணிக்கட்டுக் கருவி வேண்டாம்.

178 என்பது சின்ன எண் அல்ல, அதனால் ஏழு நாளுக்காக டாக்டரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். இந்த வாரமே போங்கள். 180/120-ஐத் தாண்டி, கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு பக்கம் கைகால் இழுப்பு, பேச்சுக் குழறல் என்று ஏதாவது இருந்தால் கருவியை வைத்துவிட்டு 108-ஐ அழையுங்கள்.

அலமாரி | பதிவு 5 | ஞாயிறு, இரவு 9.15

நாட்டுச்சுவடியின் தாத்தா கணக்குக்கு ஒரு பெரிய மனிதர் உயிரைக் கொடுத்திருக்கிறார். அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்.

1944 மார்ச்சில் இளம் இதய மருத்துவர் ஹோவார்டு புரூயென் அவரைப் பரிசோதித்தபோது 186/108. இதயம் வீங்கியிருந்தது. அதுவரை பார்த்துவந்த சொந்த மருத்துவர், இந்த வயதுக்கு எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்றே வெளியில் சொல்லிக்கொண்டிருந்தார். 1945 ஏப்ரல் 12, ஜார்ஜியா மாநிலத்தின் வார்ம் ஸ்பிரிங்ஸ். ஓவியர் ஒருவர் படம் வரைந்துகொண்டிருக்க, தலையின் பின்பக்கம் பயங்கரமாக வலிக்கிறது என்று சொல்லிச் சரிந்தார். அப்போது அளந்தது 300/190. மூளையில் இரத்தக்கசிவு. வயது 63. உங்கள் தாத்தா சூத்திரப்படி 163 வரை போகலாம்.

அந்தக் காலத்து மருத்துவர்களை மட்டும் திட்டிப் பயனில்லை. இறுகிப்போன குழாய்களில் இரத்தத்தைத் தள்ளுவதற்கு அந்த அழுத்தம் தேவை, இறக்கினால் ஆபத்து என்று பெரிய நிபுணர்களே நம்பினார்கள். காரணம் தெரியாத அழுத்தத்துக்கு இருந்த "எசென்ஷியல் ஹைப்பர்டென்ஷன்" என்ற பெயரையும் அப்படியே எடுத்துக்கொண்டவர்கள் உண்டு. அவசியமான அழுத்தமாம்! நம்முடைய "கொதிப்பு" மட்டும் தவறான பெயரில்லை.

இறக்கவும் அன்றைக்கு உருப்படியான மருந்து இல்லை. முதலில் வந்த நல்ல மருந்துகளில் ஒன்று நம் மண்ணிலிருந்து போனது. சர்ப்பகந்தி வேர். மும்பை மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் தம் நோயாளிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்து 1949-இல் பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னலில் எழுதினார். அதன்பிறகுதான் மேற்குலகம் திரும்பிப் பார்த்தது.

வன்னிமேடு | பதிவு 6 | திங்கள், காலை 6.02

கனடாவிலிருந்து எழுதுகிறேன். இலங்கையில் எங்கள் பாடப்புத்தகத்தில் இதற்கு "உயர் குருதி அமுக்கம்" என்று பெயர். செவிலியர் அம்மாவுக்கு அந்தப் பெயர் பிடிக்கும் என்று நினைக்கிறேன், அதில் அடுப்பு இல்லை.

கணக்குப்பிள்ளை சொன்ன அதே ஆய்வில், ஆண் பெண் இருபாலாரிலும் விகிதம் மிகக் குறைந்த நாடுகளில் ஒன்று கனடா. இன்னொன்று பெரு. மிக அதிகம் இருப்பது பெண்களில் டொமினிக்கன் குடியரசு, ஜமைக்கா, பராகுவே. ஆண்களில் ஹங்கேரி, பராகுவே, போலந்து. கனடாவில் எல்லோரும் ஓடி ஆடி நல்லதைச் சாப்பிடுவதால் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். இங்கே வந்து பார்த்தால் தெரியும். 1990-ஐ ஒட்டிய காலத்தில் அழுத்தம் இருந்தவர்களில் 13 சதவீதம் பேருக்குத்தான் கட்டுக்குள் இருந்தது. 2009 வாக்கில் அது 65 சதவீதத்தை எட்டிவிட்டது. குடும்ப மருத்துவரிடம் காதுவலி என்று போனாலும் கையை நீட்டச் சொல்கிறார்கள். பெரிய மருந்துக்கடைகளில் ஒரு மூலையில் கருவி இருக்கிறது, கையை உள்ளே விட்டு நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

யாழ்ப்பாணத்தில் அம்மா மாதம் ஒருமுறை அரசாங்க ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போவார். கொப்பியை (நோட்டை) முதல்நாள் இரவே பையில் எடுத்து வைத்துவிடுவார். மருந்துக்குக் காசில்லை. வரிசைதான் விலை.

கணக்குப்பிள்ளை | பதிவு 7 | திங்கள், காலை 11.20

சொன்னபடி அமேசானுக்கு வருகிறேன்.

1988-இல் இன்டர்சால்ட் என்ற ஆய்வு வெளியானது. 32 நாடுகள், 52 இடங்கள், பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். எல்லோரிடமும் 24 மணி நேரச் சிறுநீரைச் சேகரித்து உள்ளே எவ்வளவு உப்பு போகிறது என்று அளந்தார்கள். அந்த 52-இல் ஓர் இடம் பிரேசில் காட்டில் வாழும் யனோமாமி மக்கள். அவர்கள் சமையலில் உப்பே கிடையாது. சராசரி இரத்த அழுத்தம் 96/61 அளவில்தான் இருந்தது. வயதானவர்களுக்கும் இளைஞர்களுக்கும் பெரிய வித்தியாசமே இல்லை.

இதுதான் நரைமுடிக் கேள்விக்குப் பதில். நரை யனோமாமி கிழவருக்கும் வரும், இது வரவில்லை. அப்படியென்றால் வயதோடு இது ஏறுவது உடம்பின் விதி அல்ல. நாம் வாழும் முறையோடு சேர்ந்த வயதின் விதி. உப்பு ஒன்றுதான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். அவர்களிடம் தொந்தி இல்லை, சாராயம் இல்லை, நாற்காலியும் இல்லை.

உலகச் சராசரி உப்பு ஒரு நாளைக்கு 10 கிராமுக்கு மேல். உலக சுகாதார நிறுவனம் சொல்வது 5 கிராமுக்குள், அதாவது தலைதட்டிய ஒரு தேக்கரண்டி. சமையலில் போடுவது, ஊறுகாயில் இருப்பது, பிஸ்கட்டில் இருப்பது எல்லாம் சேர்த்து.

தாமிரபரணிக்காரன் | பதிவு 8 | திங்கள், இரவு 8.50

அம்மாவிடம் உப்புப் பேச்சை எடுத்தேன். "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்றார். பிறகு சமாதானமாகி, "நாம்தான் போன வருடமே இந்துப்புக்கு மாறிவிட்டோமே, அதில் பிரஷர் ஏறாது" என்கிறார். எங்கள் வீட்டு இந்துப்பு கிலோ விலையைப் பார்த்தால் எனக்குத்தான் ஏறுகிறது. அது உண்மையா அக்கா?

வெள்ளைத்தொப்பி | பதிவு 9 | திங்கள், இரவு 9.35

இல்லை தம்பி. இந்துப்பும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான். நிறமும் விலையும்தான் வேறு. அயோடினும் போய்விடும், அது வேறு நஷ்டம். "நல்ல உப்பு" என்ற தைரியத்தில் ஒரு சிட்டிகை கூடவே போடுவார்கள்.

உண்மையிலேயே வேறான உப்பு ஒன்று உண்டு. சோடியம் குளோரைடில் கால்பங்கை எடுத்துவிட்டுப் பொட்டாசியம் குளோரைடு சேர்த்தது. சீனாவில் 600 கிராமங்களில் 20 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்து 2021-இல் முடிவு சொன்னார்கள். பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. ஆனால் சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களுக்கு இது ஆபத்து. சில பிரஷர் மாத்திரைகளோடும் சேராது. டாக்டரைக் கேட்காமல் வாங்கி வைக்காதீர்கள்.

வெளிநாட்டில் உப்பு ரொட்டியிலும் டப்பா உணவிலும் ஒளிந்திருக்கிறது. அரசாங்கம் கம்பெனியைக் கேள்வி கேட்கலாம். நம் வீட்டில் அது அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்திலேயே ஜாடியில் இருக்கிறது. அப்பளம், வடகம், மோர்மிளகாய், கருவாடு, ஊறுகாய். சோறு வடிக்கும்போது போடும் உப்பை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள். குழம்பில் கை வைத்தால் சண்டை வரும்.

நாட்டுச்சுவடி | பதிவு 10 | செவ்வாய், காலை 7.30

உப்பைக் குறைப்பதில் எனக்கு மறுப்பே இல்லை. என் கேள்வி மாத்திரை பற்றியது. ஆரம்பித்தால் ஆயுள் முழுக்க. நம் நாட்டில் எத்தனை பேருக்கு இது இருக்கிறது என்பதிலேயே ஒவ்வொருவரும் ஒவ்வொரு எண் சொல்கிறார்கள். ஒரு சர்வேயில் இந்திய ஆண்களில் 24 சதவீதம். இன்னொன்றில் 35. எதை நம்பி ஆயுள் முழுக்க மாத்திரை விழுங்குவது?

கணக்குப்பிள்ளை | பதிவு 11 | செவ்வாய், காலை 9.10

இரண்டும் வேறு வேறு கணக்கு. 24 என்பது தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று, 2019-21. அதில் 15 வயதுப் பையனும் உண்டு. பெண்களில் 21.3. தமிழ்நாட்டுக்கு ஆண்கள் 30.2, பெண்கள் 24.8. மற்றது ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) நடத்திய INDIAB என்ற ஆய்வு, 2023-இல் வெளிவந்தது. 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் 35.5 சதவீதம், அதாவது 31 கோடிப் பேருக்கு மேல். இளையவர்களைச் சேர்த்தால் விகிதம் குறையும். அளந்த முறையும் வேறு. எந்த எண்ணை எடுத்தாலும் தமிழ்நாட்டில் ஒரு டவுன் பஸ் நிறைய ஆள் ஏறினால் பத்துப் பதினைந்து பேருக்கு இருக்கும்.

எனக்கு உறுத்துவது அந்த எண்ணே அல்ல, அதற்குள் இருக்கும் இன்னொன்று. லான்செட் ஆய்வின்படி, உலகில் இது இருக்கும் ஆண்களில் பாதிப் பேருக்கு இருப்பதே தெரியாது. பெண்களில் 41 சதவீதம் பேருக்குத் தெரியாது. சிகிச்சையில் இருப்பவர்கள் பாதிக்கும் கீழே. உண்மையில் கட்டுக்குள் இருப்பது பெண்களில் 23, ஆண்களில் 18 சதவீதம். ஐந்தில் ஒருவர். கம்பெனிகள் உலகத்தையே மாத்திரை விழுங்க வைத்துவிட்டன என்றால், நாட்டுச்சுவடி, ரொம்பவும் சோம்பேறிக் கம்பெனிகளாக இருக்கவேண்டும்.

ஆலடிக்கிளை | பதிவு 12 | செவ்வாய், பிற்பகல் 1.45

எங்கள் ஊரில் மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் ஒரு அக்கா மாதாமாதம் வீட்டுக்கே வருகிறார். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. 2024-இல் ஐ.நா. விருதுகூட வாங்கியது. என் மாமியார் அந்த அக்கா வரும் நாளில் மட்டும் மாத்திரை போடுவார். அட்டையில் மிச்சம் இருப்பதைக் காட்டினால் திட்டுவாரே என்று, மீதியைப் பிதுக்கி முருங்கைமரத்தடியில் போட்டுவிடுவார். மரம் நன்றாகக் காய்க்கிறது.

வெள்ளைத்தொப்பி | பதிவு 13 | செவ்வாய், மாலை 5.20

ஆலடிக்கிளை, சிரித்துவிட்டேன், பிறகு வருத்தமாக இருந்தது. இதுதான் நடக்கிறது. எண் இறங்கியதும் "குணமாகிவிட்டது" என்று நிறுத்திவிடுவார்கள். இறங்கியதே மாத்திரையால்தான். கால் வீங்குகிறது என்று நிறுத்துவார்கள். அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரைக்கு அந்தக் குணம் உண்டு. எனலாப்ரில் போட்டால் சிலருக்கு வறட்டு இருமல். டாக்டரிடம் சொன்னால் மாற்றித் தருவார், ஒன்றுக்கு ஐந்து மருந்து இருக்கிறது. சொல்லமாட்டார்கள், பேசாமல் நிறுத்திவிடுவார்கள்.

நாட்டுச்சுவடி ஐயா, நீங்கள் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

நாட்டுச்சுவடி | பதிவு 14 | புதன், காலை 7.05

இன்று காலை. நீங்கள் சொன்ன முறைப்படியே, ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்து. 122/76. வயது 58. மாத்திரை கிடையாது. எல்லோரும் வேறு எதையோ எதிர்பார்த்திருப்பீர்கள்.

வெள்ளைத்தொப்பி | பதிவு 15 | புதன், காலை 7.50

மகிழ்ச்சி ஐயா. அடுத்த வருடமும் பாருங்கள்.

தாமிரபரணிக்காரன் | பதிவு 16 | ஞாயிறு, மாலை 6.40

தாமதத்துக்கு மன்னிக்கவும். வியாழக்கிழமை டாக்டரிடம் போனோம். அங்கே 168/100. சிறுநீர், கிரியேட்டினின், ஈ.சி.ஜி. எல்லாம் எடுத்தார்கள். சிறுநீரில் கொஞ்சம் புரதம் போகிறது. எவ்வளவு நாளாக இந்த அழுத்தம் இருக்கிறது என்று டாக்டர் கேட்டார். எங்களில் யாருக்கும் பதில் தெரியவில்லை. கடைசியாக அப்பாவுக்கு யாராவது பிரஷர் பார்த்தது எப்போது என்று யோசித்தால், 2009-இல் குடலிறக்க அறுவைச் சிகிச்சையின்போதுதான்.

மாத்திரை ஆரம்பித்தாயிற்று. வீட்டில் ஒரு கருவி வாங்கினோம். பால் கணக்கு எழுதும் நோட்டிலேயே பின்பக்கத்திலிருந்து எழுதுகிறோம். இன்று காலை 152/94, 150/92. அப்பா ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருவதுதான் பெரும்பாடு. மூன்றாம் நிமிடம் பஸ் ஸ்டாண்டு கதை ஆரம்பித்துவிடுகிறது. சோற்றில் உப்பு போடுவதை நிறுத்தி நான்கு நாள் ஆகிறது, அவர் கண்டுபிடிக்கவே இல்லை. அப்பளம் நின்றதைத்தான் முதல் நாளே கண்டுபிடித்துவிட்டார்.

அக்கா, ஒரு சந்தேகம். இடது கையில் 150 என்றால் வலது கையில் 158 காட்டுகிறது. எதை எழுதுவது?

வெள்ளைத்தொப்பி | பதிவு 17 | ஞாயிறு, இரவு 8.10

எது அதிகமோ அதை எழுதுங்கள். இனிமேல் எப்போதும் அந்தக் கையிலேயே பாருங்கள். வித்தியாசம் பத்துக்கு மேல் தொடர்ந்து இருந்தால் டாக்டரிடம் சொல்லவேண்டும். அம்மாவுக்கும் ஒருமுறை சுற்றிப் பாருங்கள் தம்பி.